முனியாண்டிக்குப் போன சீமைச் சரக்கு

1

ஆடிப் பூசை போன வெள்ளிக்கிழமை முடிந்தது. நாம் கிறிஸ்து வேதக்காரர்கள், முனியாண்டிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று என் வீட்டுக்காரர் வருஷா வருஷம் கேட்பார். வருஷா வருஷம் நான் போவேன். ஒதுங்கி நின்று பார்ப்பேன், திருநீறு வாங்க மாட்டேன், ஒரு தேங்காய் மூடி மட்டும் வாங்கிவந்து சட்னி அரைப்பேன். தேங்காய்க்கு ஏது மதம்? அந்தச் சட்னியை அவரும்தான் சாப்பிடுகிறார்.

இந்த வருஷம் மகள் கிரேஸும் கூட வந்தாள். சுங்கை பட்டாணி கான்வென்டில் தங்கிப் படிக்கிறவள், விடுமுறைக்கு வந்திருக்கிறாள். படிக்கப் போகும்போது தமிழோடு போனாள். இப்போது பாதி இங்கிலீஷ், கால் மலாய், மிச்சம் இடமிருந்தால் தமிழ். தண்ணீர் தூக்கி வா என்று அப்பா சொன்னால் "சபார்லா அப்பா" என்கிறாள். பொறு என்று அர்த்தமாம். தரங்கம்பாடியில் நான் என் அப்பாவைப் பார்த்துப் பொறு என்று சொல்லியிருந்தால் முதுகுத்தோல் உரிந்திருக்கும். இவள் அப்பா சிரிக்கிறார்.

கோயில் என்றதும் கோபுரத்தை நினைக்காதீர்கள். ரப்பர் மரங்கள் முடிந்து ஓடை ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு பெரிய மரம், அதன் அடியில் மஞ்சள் பூசிய கல், ஒரு சூலம், அவ்வளவுதான். துரை பங்களாவில் சமையல் செய்கிற மாயாண்டி அண்ணன்தான் பூசாரி. அவர் சிவப்புத் துணியைப் பிரித்து ஒரு காலிப் போத்தலை எடுத்தார். நாம் சீசா என்போமே, அதற்கு இங்கே போத்தல். அதில் கள்ளை ஊற்றி நிறைத்துக் கல்லுக்கு முன்னால் வைத்தார். கிரேஸ் குனிந்து அதில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தாள். எழுத்தெல்லாம் பாதி அழிந்துபோய், கடலோரத்தில் ஒரு வெள்ளைக் கட்டடம் மட்டும் தெரிகிற காகிதம்.

"அம்மா, இது ஸ்காட்லாந்து விஸ்கி போத்தல். இந்தப் பழைய குப்பைய வச்சா சாமி கும்பிடுறாங்க?"

மாயாண்டி அண்ணன் காதில் விழுந்துவிட்டது. திரும்பிப் பார்த்தார். நான் அவள் கையில் வலிக்கிற மாதிரி ஒரு கிள்ளு கிள்ளினேன். வீட்டுக்கு வந்து உட்காரவைத்து முழுக்கதையும் சொன்னேன். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். நம் தரங்கம்பாடியிலிருந்து கப்பலேறுகிற ஒவ்வொருவரிடமும் "அவள் எப்போது திரும்பி வருகிறாளாம்?" என்று கேட்டனுப்புகிறீர்களே, அதற்கும் இதிலேயே பதில் வரும்.

2

என்னைத் தெரியாதவர்களுக்கு: என் வீட்டுக்காரர் இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். டாக்டர் இல்லாத இடத்தில் டிரஸ்ஸர் முக்கால் டாக்டர். நான் ஊரில் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பழகியவள். இங்கே பிரசவம் என்றால் நான்தான். என் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது. கங்காணி முதல் கைக்குழந்தை வரைக்கும் எல்லாருக்கும் நான் டிரஸ்ஸரம்மா.

கெடாவில் சுங்கை லாலாங்குக்கு உள்ளே தள்ளி இருக்கிறது தோட்டம். நாங்கள் வந்தபோது காட்டை வெட்டி எரித்த கரி காலில் ஒட்டும். ஆஸ்பத்திரி என்று காட்டியது ஒரு அத்தாப்பு ஓலைக் கொட்டகை, நான்கு கட்டில். கப்பலில் வந்தவர்களைப் பினாங்குக்குப் பக்கத்துத் தீவில் அடைத்து, தலையில் மருந்துத் தண்ணீர் ஊற்றி, கையில் சீட்டுக் கொடுத்து, ஆடு மாடு மாதிரி எண்ணி அனுப்பினார்கள். அந்தச் சீட்டில் என் பெயரை ஆண்பிள்ளைப் பெயராக எழுதிவிட்டார்கள். அதை மாற்றப் போய் நான் பட்ட பாட்டைத் தனியாகத்தான் எழுத வேண்டும். இரண்டு வருஷம் சம்பாதித்துத் திரும்பிவிடுவோம் என்றுதான் வந்தோம். திரும்பிப் போகிற அன்றைக்கு உடுத்த ஒரு பட்டுச் சேலையும் அவருக்கு ஒரு கோட்டும் தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தேன்.

அப்போது இங்கே பெரிய துரையாக இருந்தவர் ஸ்காட்லாந்துக்காரர். யூவன் என்று பெயர். தோட்டத்துச் சனம் வைத்த பெயர் புகைத்துரை. ரப்பர் பாலைத் தகடாக்கி, விறகுப் புகையில் காயப்போடுகிற கொட்டகை ஒன்று உண்டு. புகைக்கொட்டகை என்போம். உள்ளே நுழைந்தால் கண் எரியும், மூச்சு முட்டும். வேலைக்காரர்களே ஓடி ஓடி வெளியே வருவார்கள். இந்த மனிதர் தினம் சாயங்காலம் அதற்குள் போய்ச் சும்மா நிற்பார். திருட்டைக் கண்டுபிடிக்க நிற்கிறார் என்றார்கள் சிலர். கிறுக்கு என்றார்கள் மற்றவர்கள்.

அவர் தர்மராசா ஒன்றும் இல்லை. கோபம் வந்தால் சம்பளத்தை வெட்டுவார், காது கூச ஏசுவார். ஆனால் கை நீட்ட மாட்டார். கை நீட்டுகிற கங்காணியையும் விடமாட்டார். அந்தக் காலத்தில் அதுவே பெரிய காரியம். அவருக்குக் கீழே இருந்த சின்னத்துரைக்குப் பிரம்பில்லாமல் நடக்கவே தெரியாது. பெரியவர் போனால் சின்னவர் வந்துவிடுவார் என்ற பயம் லயத்தில், கூலிகளின் வரிசை வீடுகளில், எல்லாருக்கும் உண்டு.

புகைத்துரை தமிழ் பேசுவார். கங்காணிகள் கூலிகளை விரட்டுகிற பேச்சைக் கேட்டே படித்த தமிழ் என்பதால், அவருக்கு வா, போ, எடு, போடுதான் தெரியும். முதல் நாள் என்னைப் பார்த்து "நீ மருந்து போடுடா" என்றார். எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, "பொம்பளைகளை நீங்கன்னு சொல்லணும் தொரை, டா எல்லாம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. துரை தலையை ஆட்டிக்கொண்டு போனார். அன்றிலிருந்து எனக்கு நீங்க. பங்களா நாய்க்கும் நீங்க, அது பெட்டை நாய் என்பதால்.

3

ஒரு நாள் துரை ஒரு பார்சலைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். காயம் பட்டிருக்கிறதோ என்று நான் பஞ்சை எடுத்தேன். காயம் இல்லை, சந்தோஷம். யாரிடமாவது காட்ட வேண்டும், பக்கத்தில் வேறு வெள்ளைக்காரர் இல்லை. ஃபிளானல் துணியைப் பிரித்தால் ஒரு விஸ்கிப் போத்தல். எங்கள் வீட்டில் மதுவை வாசல்படி தாண்ட விடமாட்டோம் என்று சபையில் கையெழுத்துப் போட்டவள் நான். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை, சொல்ல ஆரம்பித்துவிட்டார். தமிழில் பாதி, இங்கிலீஷில் பாதி. நான் சேர்த்துச் சொல்கிறேன்.

ஸ்காட்லாந்துக்கு மேற்கே கடலுக்குள் ஒரு தீவு. அதில் கரையோரம் ஒரு சாராய ஆலை, வெள்ளைச் சுவர். அவருடைய அப்பா ஏங்கஸ் அதில் பார்லிக்காரர். நாம் காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி வைக்கிற அதே பார்லிதான். அதை ஓடைத் தண்ணீரில் ஊறவைத்து, கல் தரையில் பரப்பி, முளைவிடும்வரை மரச்சட்டுவத்தால் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டுமாம். முளைத்ததும் கீழே நெருப்புப் போட்டு, அந்தப் புகையிலேயே காயவைப்பார்களாம். விறகில்லாத ஊர் என்பதால் சதுப்பு மண்ணை வெட்டி, காயவைத்து, வறட்டி மாதிரி எரிப்பார்களாம். அந்த மண்புகை பார்லியில் ஏறி, பார்லியிலிருந்து சாராயத்தில் ஏறி, எத்தனை வருஷம் மரப்பீப்பாயில் கிடந்தாலும் போகாதாம். அவருடைய அப்பா வீட்டுக்கு வரும்போது சட்டையில், தாடியில், கை ரேகையில் எல்லாம் அந்த வாசம் இருக்குமாம்.

புகைக்கொட்டகையில் ஏன் நிற்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டேன்.

அந்த ஆலைக்கு வந்த கேட்டையும் சொன்னார். பெரிய யுத்தம் வந்தது. பார்லி ரொட்டிக்குத்தான், சாராயத்துக்கு இல்லை என்று சர்க்கார் சொல்லிவிட அடுப்பு அணைந்தது. யுத்தம் முடிந்து திரும்பப் பற்றவைத்தார்கள். அதற்குள் அமெரிக்காக்காரன் குடியை நிறுத்தினான், விலை விழுந்தது. தலைமுறை தலைமுறையாக நடத்திய குடும்பம் கையை விரித்து, ஆலையைப் பட்டணத்துக் கம்பெனிக்கு விற்றது. கம்பெனிக்கு ஏற்கெனவே வேறு ஆலைகள் இருந்தன. பீப்பாய்களை வண்டியேற்றிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்கள். செம்புக் கொப்பரைகளை வெட்டி எடைக்குப் போட்டார்கள். கூரை இருந்தால் கட்டடத்துக்கு வரி கட்ட வேண்டும் என்று கூரையையும் பிரித்துவிட்டார்களாம். கூரையில்லாமல் நிற்கிற சுவர்களைத் தினமும் பார்த்துக்கொண்டே அவருடைய அப்பா கொஞ்ச நாள் இருந்தார், பிறகு போய்ச் சேர்ந்தார்.

ஆலை மூடுகிற அன்று கடைசிப் பீப்பாயிலிருந்து ஆளுக்கொரு போத்தல் கொடுத்திருக்கிறார்கள். மற்றவர்கள் அன்றைக்கே குடித்துத் தீர்த்தார்கள். அப்பா திறக்கவில்லை. அவர் செத்த பிறகு துரையின் தங்கை அதை அண்ணனுக்கு அனுப்பினாள். பினாங்கு வரைக்கும் நல்லபடியாக வந்த போத்தல் கெடாவுக்குள் நுழைய முடியவில்லை. என்ன சரக்கு, என்ன விலை, எந்த ஆலை என்று சுங்க ஆபீஸில் கேட்டிருக்கிறார்கள். ஆலை இல்லை, மூடியாகிவிட்டது என்று இவர் சொல்ல, இல்லாத ஆலையின் சரக்குக்கு எந்தக் கணக்கில் தீர்வை போடுவது என்று ஆபீசர் முழிக்க, இந்த ஆபீஸ் அந்த ஆபீஸ் என்று அலைந்து வாங்கிவந்திருக்கிறார். துரைமார்களையும் அலையவிடுகிறார்கள் என்று கேட்டதில் எனக்கு ஒரு அற்ப திருப்தி, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"இதை எப்போ குடிப்பீங்க?" என்று கேட்டேன்.

"இங்கே இல்ல. லீவுல ஊருக்குப் போவேன். பாதி அப்பா குழிமேல ஊத்துவேன். பாதி நான். அப்புறம் உலகத்துல இது இல்ல."

4

மழைக்காலம் முடிகிற சமயம் துரையைக் கெட்ட காய்ச்சல் பிடித்தது. இங்கே காய்ச்சலுக்குத் துரை, கூலி பேதமில்லை, ஒரே கொசு. சுங்கை பட்டாணியிலிருந்து டாக்டர் வந்து பார்த்துவிட்டு, கொயினா மருந்து கொடுங்கள், தாங்கினால் அவர் அதிர்ஷ்டம் என்று சொல்லிப் போனார். என் வீட்டுக்காரரும் நானும் முறைபோட்டுப் பங்களாவில் இருந்தோம். சமையற்கட்டிலேயே படுத்துக் கிடந்தார் மாயாண்டி அண்ணன். கொதிக்கிற உடம்பைத் துடைப்பதிலிருந்து சட்டி எடுப்பது வரைக்கும் அவர்தான் செய்தார். லயத்தில் எல்லாரும் கவலைப்பட்டார்கள். பாசம் கொஞ்சம், சின்னத்துரையின் பிரம்பு மிச்சம்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மாயாண்டி அண்ணன் என்னிடம் வந்து, துரையுடைய அப்பா பெயர் என்ன என்று கேட்டார். எதற்கு என்றேன்.

"நேர்ந்துக்கணும்மா. அப்பன் பேரு சொல்லாம நேர்ந்தா சாமிக்கு ஆளு தெரியாது. இந்த ஜில்லாவுல எத்தனை தொரை."

பெயரைச் சொன்னால் என்ன பாவம் வந்துவிடப் போகிறது? ஏங்கஸ் என்று சொன்னேன். ஒரு சின்ன மருந்துச் சீசாவும் கேட்டார். திருநீறு கொண்டுவந்து வைக்கத்தான் என்று நினைத்துக் கழுவிய சீசா ஒன்றைக் கொடுத்தேன். முன்பு இருமல் மருந்து இருந்த சீசா. "வேளைக்கு ஒரு கரண்டி" என்று என் வீட்டுக்காரர் கையால் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது.

முனியாண்டிக்குச் சுருட்டும் சாராயமும் வைக்கிறது நம் பக்கத்திலும் உண்டு, உங்களுக்குத் தெரியும். உயிருக்கு நேர்ந்துகொண்டால் ஒரு முறை இருக்கிறது. யாருக்காக நேர்கிறோமோ அவருடைய பொருளாக இருக்க வேண்டும். அதுவும் அவர் ரொம்ப ஆசையாக வைத்திருக்கிற பொருளாக இருக்க வேண்டும். கழித்துக்கட்டியதைக் கொடுத்துச் சாமியை ஏமாற்றக் கூடாது. பங்களா மேசைமேல் எத்தனையோ சீமைச் சரக்கு நின்றது. துரை தினம் எடுத்து ஊற்றிக்கொள்கிற சரக்கு. அதில் ஒன்றை எடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. மாயாண்டி அண்ணன் யோசித்திருக்கிறார்: எதைத் துரை தொடுவதே இல்லை? எதைத் துணி சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறார்? எதை எப்போதாவது எடுத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைக்கிறார்? அதுதான் ஆசைப்பட்ட பொருள். அலமாரிச் சாவியும் அவரிடம்தான் இருந்தது.

அன்று பொழுது சாயும்போது காய்ச்சல் விட்டது. வியர்த்து வழிந்து, துரை கண்ணைத் திறந்து பால் கேட்டார். கொயினா வேலை செய்தது என்று என் வீட்டுக்காரர் முழங்காலில் நின்று கர்த்தருக்கு நன்றி சொன்னார். முனியாண்டி காப்பாற்றிவிட்டார் என்று லயத்தில் தப்பு அடித்தார்கள். எனக்கு யார் காப்பாற்றியிருந்தாலும் சரி, இரண்டு வேளை நிம்மதியாகத் தூங்கினேன்.

5

துரை எழுந்து நாற்காலியில் உட்கார ஆரம்பித்தார். உட்கார்ந்ததும் முதல் வேலையாக, அலமாரியில் இருக்கிற போத்தலை எடுத்து வா, பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். நாளைக்கு எடுத்துவருகிறேன் என்று ஏதோ உளறிவிட்டு மாயாண்டி அண்ணன் என் வீட்டுக்கு ஓடிவந்தார். நடந்ததைச் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த முறத்தைத் தூக்கிப் போட்டேன்.

"அறிவு இருக்கா அண்ணே உங்களுக்கு? அது அவங்க அப்பன் சாமான். உலகத்துல ஒண்ணே ஒண்ணு. உங்க முனியாண்டிக்குக் கள்ளு கசந்துச்சா?"

"ஒண்ணே ஒண்ணுன்னு எனக்குத் தெரியாதும்மா. ஒசத்தின்னு மட்டுந்தான் தெரியும். ஒசத்தியா இருக்கப்போயித்தான குடுத்தேன்."

முறத்தைப் பொறுக்கி எடுத்துவைத்துவிட்டு மிச்சத்தையும் கேட்டேன். கல்லின்மேல் பாதிக்குமேல் ஊற்றியிருக்கிறார்கள். மிச்சத்தை முறைப்படி வந்திருந்தவர்களுக்குக் கைக்குக் கொஞ்சமாகப் பிரசாதம் கொடுத்திருக்கிறார்கள். நேர்ந்துகொண்ட ஆளுக்கு ஒரு பங்கு எடுத்துவைத்தே ஆக வேண்டும். அதை அவர் சாப்பிட்டால்தான் நேர்த்தி முடியும். அந்தப் பங்கு என் இருமல் மருந்துச் சீசாவில் இருந்தது.

இதற்கு முன்னால் பங்களாவில் சமைத்தவன் ஒரு டின் வெண்ணெய் எடுத்தான். இதே புகைத்துரைதான், அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் அவனைப் பெண்டாட்டி பிள்ளையோடு ரோட்டில் நிறுத்தினார். துரைமார் ஒருவருக்கொருவர் சொல்லிவைப்பார்கள். பாலிங்கிலிருந்து கூலிம் வரைக்கும் அவனுக்கு எந்தத் தோட்டத்திலும் வேலை கிடைக்கவில்லை. மாயாண்டி அண்ணன் பெண்டாட்டி பாக்கியத்துக்கு அப்போது மாசம் நிறைந்திருந்தது. நான்தான் நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். லயத்து வீட்டைப் பிடுங்கிக்கொண்டால் அந்தப் பிள்ளை எந்த மரத்தடியில் பிறக்கும் என்பதுதான் என் மண்டைக்குள் ஓடியது.

என் வீட்டுக்காரர், இதில் நீ தலையிடாதே, விக்கிரகத்துக்கு ஊற்றிய விஷயம், சபைக்குத் தெரிந்தால் கேவலம் என்றார். கேவலம் ஒரு பக்கம் இருக்கட்டும், பிரசவம் என் பக்கம் என்று சொல்லிவிட்டு மறுநாள் காலையில் பங்களாவுக்குப் போனேன்.

துரை மெலிந்து, சட்டை தொளதொள என்று தொங்க வெராந்தாவில் உட்கார்ந்திருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. ஆதியோடந்தமாகச் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மாயாண்டி போகணும். இன்னிக்கே."

பாக்கியத்தின் நிலைமையைச் சொன்னேன். தெரியும் என்றார். திருடவில்லை, உங்கள் உயிருக்காகச் செய்தது என்றேன். தெரியும், ஆனால் அவன் முகத்தை இனிமேல் பார்க்க முடியாது என்றார். அதிலும் நியாயம் இருந்தது, அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. கடைசியில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "அவர் போகட்டும் தொரை. ஆனா உங்க பங்கு ஒண்ணு கோயில்ல இருக்கு. வந்து வாங்கிக்குங்க. நீங்க வாங்காம அவர் போகக்கூடாது, அது எங்க முறை." எங்கள் முறை என்று சொன்னேன் பாருங்கள், வேதக்காரி நான். என் வீட்டுக்காரர் காதில் விழாதது கர்த்தர் கிருபை.

துரை நிமிர்ந்து பார்த்தார். என்ன பங்கு என்று கேட்டார். சொன்னேன். கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

6

செய்தி எங்களுக்கு முன்னாலேயே லயத்துக்குப் போய்விட்டது. நாங்கள் மெதுவாக நடந்து போய்ச் சேர்ந்தபோது மரத்தடியில் கூட்டம். ரப்பர் பால் வெட்டி முடித்தவர்கள் வாளியோடு அப்படியே நின்றார்கள். மாயாண்டி அண்ணன் மூட்டை முடிச்சோடு வந்திருந்தார். போகிறவர்கள் முனியாண்டியிடம் சொல்லிக்கொண்டுதான் போவார்கள். ஒரு மூட்டையில் துணிமணி, ஒரு மூட்டையில் சட்டி பானை. பாக்கியம் துணி மூட்டையின்மேல் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்த பார்வையிலேயே, இன்னும் இல்லை என்று தலையாட்டினாள்.

துரை செருப்போடுதான் நின்றார். மாயாண்டி அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, முனியாண்டியும் ஒன்றும் சொல்லவில்லை. கல்லுக்கு முன்னால் காலிப் போத்தல் கிடந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் கோணியது. அழப்போகிறார் என்று நினைத்தேன். மாயாண்டி அண்ணன் மருந்துச் சீசாவை இரண்டு கையாலும் நீட்டினார். வேளைக்கு ஒரு கரண்டி. துரை அந்தச் சீட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது, நல்லவேளை.

தக்கையை எடுத்து மோந்து பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, யார் யார் குடித்தீர்கள் என்று கேட்டார். யாராவது வாயைத் திறப்பார்களா? எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். எப்படி இருந்தது, சொல்லு என்றார். அப்புறம் வீரம்மா என்கிற பால்வெட்டுக்காரி, வாயாடி என்று பெயரெடுத்தவள், முன்னால் வந்தாள்.

"நம்ம புகைக்கொட்டகை வாசந்தான் தொரை. அதோட டிரஸ்ஸரய்யா புண்ணுக்குப் போடுற மருந்து வாசமும் அடிச்சுச்சு. நெஞ்சு வரைக்கும் சூடாப் போச்சு. நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது."

துரை சிரித்தார். காய்ச்சலுக்கு அப்புறம் முதல் சிரிப்பு. இருமலும் கூட வந்தது. அவருடைய தீவைத் தாண்டி யாரும் அதைக் குடித்துச் சரியாகச் சொன்னதில்லையாம், இதைப் பிறகு என்னிடம் சொன்னார். சிரிப்பு அடங்கியதும் மாயாண்டி அண்ணனைப் பார்த்தார்.

"யார் பேர் சொல்லி ஊத்தினே?"

"ஏங்கஸ் மகன் யூவன்னு சொல்லித்தான் தொரை ஊத்தினேன்."

அந்த மரத்தடியில், அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வந்ததும் துரை கைத்தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கேட்ட குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"எங்க அப்பாவுக்கு ஊத்தினியா?"

மாயாண்டி அண்ணன் துரையை நேராகப் பார்த்தார். வேலைக்காரர் துரையைப் பார்க்கிற பார்வை இல்லை அது, பூசாரியின் பார்வை.

"மொத ஊத்தே அவுகளுக்குத்தான் தொரை. அப்பனுக்கு வைக்காம மகனுக்கு எப்படிக் கேக்குறது?"

துரை சீசாவில் பாதியைக் குடித்தார். மிச்சப் பாதியை, மண் இன்னும் கறுத்திருந்த அந்த இடத்தில், அவர் கையாலேயே ஊற்றினார். சொட்டு விடாமல் ஊற்றினார். பிறகு பாக்கியம் உட்கார்ந்திருந்த மூட்டையைக் கைத்தடியால் காட்டி, கங்காணிகளிடம் படித்த அதே தமிழில் சொன்னார்:

"மூட்டையப் பிரிடா."

7

பாக்கியத்துக்கு ஆண்பிள்ளை பிறந்தது, லயத்து வீட்டிலேயே, என் கையில். துரை பிறகு லீவில் ஊருக்குப் போனபோது அந்த மருந்துச் சீசாவைக் கேட்டு வாங்கி, மரத்தடி மண்ணை நிரப்பிக் கொண்டுபோனார். அப்பா குழிமேல் தூவினேன், அந்த மண்ணுக்கு எந்த ஆபீஸிலும் தீர்வை கேட்கவில்லை என்று திரும்பி வந்து சொன்னார். இப்போது அவர் வேலையிலிருந்து ஓய்ந்து அந்தத் தீவுக்கே போய்விட்டார். ஆலைச் சுவர்கள் கூரையில்லாமல்தான் நிற்கின்றனவாம். இங்கே ஆடிப் பூசையில் மாயாண்டி அண்ணன் தோட்டத்தில் செத்தவர்கள் பெயரையெல்லாம் சொல்லி அழைக்கும்போது ஏங்கஸ் பெயரையும் சொல்கிறார். அந்தப் போத்தலில் ஊற்றுவது கள்ளுதான். யாரும் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

கிரேஸ் முழுதும் கேட்டாள். பிறகு, மாயாண்டி மாமாவிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று அவளே கிளம்பினாள். தமிழில்தான் கேட்டாளாம். திரும்பி வந்து, கான்வென்டுக்கு எடுத்துப்போகப் புத்தகம் வைக்க ஒரு பெட்டி வேண்டும் என்றாள். வீட்டில் இருப்பது ஒரே ஒரு தகரப்பெட்டி. கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துப் பூட்டை உடைத்தேன், சாவி எங்கே போனதோ தெரியவில்லை. கோட்டைப் பூச்சி அரித்திருந்தது. சேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை வேதக் கோயிலுக்கு உடுத்திக்கொண்டு போகப் போகிறேன்.

நான் எப்போது திரும்பி வருகிறேன் என்று இனிமேல் யாரிடமும் கேட்டனுப்பாதீர்கள். என்னைப் பார்க்க வேண்டுமானால் நீங்கள் வாருங்கள், வீட்டில் இடமிருக்கிறது. என் மூட்டையைப் பிரித்தாகிவிட்டது.